இரண்டு வீட்டுச் சோலைவரி

மே பிறந்து ஒரு கிழமையாகியும் குளிர் போக மனமில்லாமல் நின்ற ஒரு வியாழக்கிழமை காலை, கனடாவில், அஜின்கோர்ட்டில் உள்ள றசீனாவின் வீட்டு முன்கதவை அகலத் திறந்து, அதன் சட்டத்துக்குள் சிவப்புத் துணியொன்றை இறுக்கிக் கட்டினாள் வேரோனிக்கா. துணியின் அடியில் வட்டமாக ஒரு விசிறி. அது வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். அப்போது வெளிக்காற்று எந்தெந்த ஓட்டையால் உள்ளே நுழைகிறது என்று பார்க்கலாம். வீடுகளின் ஓட்டை பார்ப்பதுதான் வேரோனிக்காவின் தொழில். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, நாற்பது வயது இருக்கும். கனத்த சப்பாத்தும் இடுப்பில் அளவு நாடாவுமாக வந்திருந்தாள்.

றசீனாவுக்கு எதையும் கண்டுவிட்டுச் சும்மா போகத் தெரியாது. தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினால் குழிக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். தன் வீட்டிலேயே இப்படியொரு விளையாட்டு நடக்கும்போது விடுவாளா? வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேரோனிக்காவின் முழங்கையோடு முழங்கையாக நின்றாள். அவளுடைய கணவர் கச்சி முகம்மதுவுக்கு உடுப்புக் கழுவும் கடையொன்றில் காற்சட்டை வெட்டிக் கட்டையாக்கிக் கொடுக்கும் வேலை. கடை திறக்கப் பதினொரு மணியாகும். அவர் குசினி மேசையில் இருந்து, இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்கிற முகத்தோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ர புகைப் பேனை முடிஞ்சுபோச்சு," என்றாள் வேரோனிக்கா. "வீட்டில சந்தனக்குச்சி இருக்கோ?"

"வியாழன் இரவில கொளுத்துறது. ஒரு கட்டே கிடக்கு. எத்தினை வேணும்?"

"ஒண்டு காணும்."

விசிறி உறுமத் தொடங்கியது. ஜன்னல் சீலைகள் தாமாக அசைந்தன. வேரோனிக்கா சந்தனக்குச்சியைச் சுவரோரமாகக் கொண்டுபோனாள். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை, பிளக் துவாரத்தின் பக்கத்தில் போனதும் சரிந்து ஓடியது.

"உதுக்குள்ளாலயும் காத்து வருமோ?" என்று றசீனா குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். குளிர் ஊசியாக வந்தது. "அல்லாஹ்! இஞ்சருங்கோ, வந்து விரலை வைச்சுப் பாருங்கோ!"

"விரலை ஏன் வைக்கோணும்? பதினொரு வருசமா நடுங்கிற எனக்குத் தெரியாதோ?" என்றார் கச்சி முகம்மது.

அவர்கள் அறை அறையாகப் போனார்கள். ஜன்னல் விளிம்பு, மேல்மாடிக் கூரைக்கு ஏறுகிற மூடி, நிலக்கீழ் அறையின் சுவர் முடிகிற இடம், பின்னறையின் மூலை என்று புகை சரிந்த இடத்தில் எல்லாம் வேரோனிக்கா பச்சை நாடாவில் ஒரு துண்டு ஒட்டினாள். கடைசியாகக் குசினிக்கு வந்தார்கள். அடுப்புக்கு மேலே சுவரில் பெரிய விசிறி. அதன் கீழே குச்சியைப் பிடித்ததும் புகை சரியவில்லை. குச்சியே அணைந்து போயிற்று. வேரோனிக்கா கதிரையில் ஏறி உள்ளே கையை விட்டு, நீலக் கட்டம் போட்ட துணியொன்றை உருவி எடுத்தாள்.

"இது என்ன அண்ணை?"

கச்சி முகம்மது கூரையைப் பார்த்தார். "என்ட சாரம். உடுத்துப் பழசானது."

"இதுக்குள்ள காத்தை மறிக்கிற தகடொண்டு இருக்க வேணுமே?"

"இருந்தது. காத்தடிக்கேக்க டக்கு டக்கெண்டு அடிச்சு நித்திரை இல்ல. கழட்டிப்போட்டன்."

"எப்ப?"

"தொண்ணூற்றெட்டில."

வேரோனிக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பச்சை நாடாவில் மூன்று துண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினாள். அந்த ஓட்டையை வெட்டியவரும் கச்சி முகம்மதுதான். குடிவந்த வருசம் மகள் றுமைஸாவுக்குப் பதின்மூன்று வயது. கருவாட்டுக் கறி காய்ச்சிய மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய குளிர்ச்சட்டையை மோந்து பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கச்சி முகம்மது ஹொட்டல்காரர் பாவிக்கிற விசிறி ஒன்றை வாங்கி, சுவரைத் துளைத்து, அதைப் பூட்டினார். மணம் போயிற்று. அதோடு சூடும் போயிற்று. குளிர் வந்தால் சாரத்தை அடைப்பதும் வெயில் வந்தால் எடுப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு வருசத்தை ஓட்டிவிட்டார்கள்.

இப்போது அந்த மகளுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். றுமைஸா பாஹிமைக் கட்டி, பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறாள். டிசம்பர் முதல் கிழமை தலைப்பிள்ளை பிறக்கும். தலைப்பிள்ளைக்குப் பெண் உம்மா வீட்டுக்கு வந்து, நாற்பது நாளும் அங்கேயே இருப்பது அவர்களுடைய வழமை. றசீனாவுக்கு இருப்பதும் ஒரேயொரு பிள்ளை. ஆனால் விசயம் தெரிந்த அன்றைக்கே சம்பந்தி ரிஸ்மியா, போன தை மாதம் விருந்துக்கு வந்தபோது பின்னறையில் சால்வைக்கு மேல் சால்வை போர்த்துக்கொண்டு இருந்ததை ஞாபகப்படுத்திவிட்டாள். "ராத்தா, குறையா நினையாதேங்கோ. அந்த அறையில பச்சைப் பிள்ளையை எப்பிடிப் போடுறது? எங்கட வீடு புதுசு, சூடா இருக்கும். நாப்பதையும் இஞ்சயே முடிப்பம்." நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் றசீனாவுக்குக் கூட நொந்தது. அன்றைக்குச் சட்டி கழுவுகிற சாட்டில் நிறைய நேரம் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் தபால் பெட்டியில் அந்தத் துண்டு வந்தது. நகரம் சில தெருக்களில் மட்டும் பரீட்சித்துப் பார்க்கிற புதுத் திட்டம் என்று போட்டிருந்தது. தமிழிலும் இருந்தது. அது யார் எழுதிய தமிழோ, மூன்று தரம் வாசித்தும் றசீனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடியில் இருந்த நம்பருக்கு எடுத்தாள். அப்படி வந்தவள்தான் வேரோனிக்கா.

விசிறியை நிறுத்தி, தேத்தண்ணீரும் முறுக்கும் வைத்தபின் வேரோனிக்கா விளக்கமாகச் சொன்னாள். கூரைக்குப் பஞ்சு, சுவர் ஓட்டைக்கு நுரை, பின்னறைக்குப் புது ஜன்னல், வீட்டைச் சூடாக்கப் புது உலை. எல்லாமாகப் பன்னிரண்டாயிரம் டொலர் வரும்.

"காசை நகரம் முதல்ல குடுக்கும். வேலை முடிஞ்ச பிறகு ஒவ்வொரு வருசமும் உங்கட சோலைவரி பில்லில ஒரு தொகை கூட வரும். பதினைஞ்சு வருசம்."

சொத்து வரி என்று வேறு ஊர்க்காரர் சொல்லட்டும். யாழ்ப்பாணத்தாருக்கு வீட்டுக்கு நகரசபை அறவிடுகிற வரி சோலைவரிதான். முற்றத்தில் ஒரு பூக்கன்று இல்லாதவனும் சோலைவரிதான் கட்டுவான்.

"பாதியில நாங்க வீட்டை வித்துட்டுப் போனா?" என்று கேட்டாள் றசீனா.

"வாங்கிறவர் மிச்சத்தைக் கட்டுவார். கடன் உங்களுக்கில்ல அக்கா, வீட்டுக்கு. ஆர் இருக்கினமோ அவை கட்ட வேண்டியதுதான்."

"வீட்டுக்குக் கடனோ? ஆள் போனாலும் வீடு கடன்பட்டு நிக்குமோ?" றசீனாவுக்கு அது பெரிய புதினமாக இருந்தது. அப்படியொரு காரியத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தக் கதைக்குக் கச்சி முகம்மது முதல்தரமாக வாய் திறந்தார். "எத்தினை வீதம்?"

"நாலுக்குக் கிட்ட வரும், அண்ணை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அது சரிவராது, மகள்."

வேரோனிக்கா வாக்குவாதப்படவில்லை. வீடு யாருடைய பேரில் என்று கேட்டாள். "அவற்ற பேரிலதான்," என்றாள் றசீனா. கச்சி முகம்மது அதற்குள் எழுந்து மேல்சட்டையை எடுக்கப் போய்விட்டார். யூன் பதின்மூன்றாம் திகதிக்கு முன் படிவம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேரோனிக்கா சிவப்புத் துணியை மடித்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டில் ஒரு சதம் வட்டி படவில்லை. கச்சி முகம்மதுவுக்கு உலகத்தில் பெருமை சொல்ல இருந்தது அது ஒன்றுதான். வட்டி வேண்டாம் என்கிற சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. சங்கம் வீட்டை வாங்கும், இருக்கிறவர் பங்கு பங்காகக் கட்டி மீட்பார். ஒன்பது வருசம் அவர் ஒரே குளிர்ச்சட்டையோடு திரிந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் கடையில் வாங்கவில்லை. இரண்டாயிரத்து ஏழில் கடைசிப் பங்கைக் கட்டிவிட்டு வந்த அன்றைக்கு, வாசலில் சப்பாத்தோடு நின்று, "இனி இது ஹலாலான வீடு," என்றார். அந்த மனிசனிடம் நாலு வீதம் என்றால் எப்படி?

மௌலவியிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "என்ன சொன்னார்?" என்று றசீனா கேட்டாள்.

"வரியோ கடனோ எண்டு கேட்டார். வரி மாதிரி வாற கடன் எண்டன். வீதம் போட்டிருக்கோ எண்டார். ஓம் எண்டன். பிறகு ரெண்டு பேரும் ஒண்டும் பேசேல்ல."

அந்த நாட்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை என்பதும் உண்மைதான். வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. றசீனாவின் கடையில் ஒரு நாளைக்கு நானூறு ரோல்ஸ் சுற்றுவார்கள். அந்த மே மாதம் நூறுகூடப் போகவில்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு எல்லாவற்றையும் சனம் நிற்பாட்டியிருந்தது. அதற்குப் பதிலாக முதலாளி, டவுன்ரவுனில் சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் இருக்கிற சனத்துக்குப் பணிசும் தேத்தண்ணீரும் வான் வண்டியில் அனுப்பினார். அண்டாவில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது றசீனாதான். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டிய இயக்கம் தோற்கிறது என்று சந்தோசப்பட வேண்டுமா, ரீவியில் ஓடுகிற சனத்தைப் பார்த்து அழ வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த வீட்டு இராஜரட்ணம் ஒரு நாள் தவறாமல் டவுன்ரவுன் தெருவில் போய் இருந்தவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். சத்தமில்லாத மனிசன், தான் உண்டு தன் வேலை உண்டு. எண்பத்தெட்டில் வந்த நாளிலிருந்து நாளைக்கே திரும்பிப் போகிறவர்போல இருந்தார். ஜன்னல் கண்ணாடி வெடித்து ஆறு வருசம். அதில் பிளாஸ்திரி ஒட்டித்தான் இருந்தது. "நாடு கிடைச்சா ஆருக்கு அண்ணை இந்த ஜன்னல்?" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டுவார். தங்கச்சி குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. மூன்று மாசமாக ஒரு தகவலும் இல்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநாள் பின்னேரம், அவர் றசீனாவின் வாசற்படியில் வந்து இருந்தார். மணியடிக்கவில்லை. வேலையால் வந்த கச்சி முகம்மதுதான் கண்டு உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

"சாப்பிட்டியளோ அண்ணை?" என்றாள் றசீனா.

"பசி இல்ல, தங்கச்சி."

அவள் கேட்கவில்லை. இஞ்சி போட்ட கஞ்சியை ஊற்றி முன்னால் வைத்தாள். அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால் கச்சி முகம்மதுவைக் கேட்டார்.

"நானா, தொண்ணூறில உங்களை வெளிக்கிடச் சொல்லேக்க எவ்வளவு நேரம் தந்தவங்கள்?"

ஒரே சுவரோடு இத்தனை வருசம் இருந்தும் அதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை.

"ரெண்டு மணித்தியாலம்," என்றார் கச்சி முகம்மது.

"நான் அப்ப இஞ்ச. பேப்பரில வாசிச்சனான்." இராஜரட்ணத்தின் குரல் உடைந்தது. "வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சனான், நானா."

கச்சி முகம்மது கஞ்சிக் கோப்பையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினார். இராஜரட்ணம் குடித்தார். முழுவதையும் குடித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த பச்சை நாடாத் துண்டுகளைப் பார்த்தார்.

"உது என்ன தங்கச்சி?"

"வீட்டில ஓட்டை பாத்தவங்க அண்ணை. குச்சி கொளுத்திப் பாக்கிறது."

"எத்தினை கிடக்காம்?"

"முப்பத்தொண்டு."

அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "எங்கட பக்கமும் அந்தப் பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லுங்கோ," என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார். அதைக் கேட்டபோதுதான் றசீனாவுக்குச் சண்டை முடிந்துவிட்டது என்பது உறைத்தது.

மே கடைசியில் புத்தளத்திலிருந்து அவளுடைய தம்பி ஜவ்ஃபர் ரெலிபோன் எடுத்தான். விரட்டப்பட்டுப் போன இடத்திலேயே அவன் கடை வைத்துத் தங்கிவிட்டவன்.

"ராத்தா, கொழும்பில ஒரு ஆள் யாழ்ப்பாணத்தில எங்கட தெருப்பக்கத்து வளவெல்லாம் விலைக்குக் கேக்கிறார். உங்கட வீட்டுக்குக் கூரை இல்ல எண்டன். பரவாயில்லையாம், நிலம் காணுமாம்."

பக்கத்தில் நின்ற கச்சி முகம்மது ரெலிபோனை வாங்கினார். எவ்வளவு என்று கேட்டார். கேட்டுவிட்டு றசீனாவைப் பார்த்த பார்வையில் பத்து வயது குறைந்திருந்தது. "பாத்தியா? அல்லாஹ் வழி விட்டுட்டான். அதை வித்துக் காசாக் குடுப்பம். வட்டியும் இல்ல, ஒண்டும் இல்ல. பிள்ளை வரட்டும்."

றசீனாவும் சிரித்தாள். மகள் வரப்போகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன? ஆனால் நெஞ்சில் ஏதோ இடறியது. அந்த வீடு அவளுடைய வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அவர்களுக்குள் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். விற்பதென்றால் அவள்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஆனா ஒரு சிக்கல் மச்சான்," என்றான் ஜவ்ஃபர். "பத்தொன்பது வருசச் சோலைவரி நிலுவையில நிக்குது. தண்டமும் ஏறியிருக்கு. அதைக் கட்டினாத்தான் எழுதலாம். நகரசபைக் கந்தோரில ஒரு ஆளைப் பிடிச்சுத் துண்டு எடுப்பிச்சிருக்கிறன். ராத்தான்ட கடைக்கு பாக்ஸ் பண்ணுறன்."

"விரட்டின வீட்டுக்கும் வரியோ?" கச்சி முகம்மது சிரித்துவிட்டார். "நாங்க ஓடின பிறகும் வீடு கடன்பட்டுக்கொண்டு இருந்திருக்கு!"

பாக்ஸ் யூன் முதற்கிழமை வந்தது. றசீனா ரோல்ஸை முட்டையில் தோய்த்து ரஸ்குத் தூளில் உருட்டிக்கொண்டிருந்தாள். ஓடர் வருகிற மெசினிலிருந்து ஒரு தாள் சுருண்டு விழுந்தது. முதலாளி எடுத்துப் பார்த்து, "இது உங்களுக்கு," என்று நீட்டினார். தூள் படிந்த விரலால் நுனியைப் பிடித்து வாசித்தாள். வீட்டு இலக்கம், தெரு, உரிமையாளர். உரிமையாளர் என்ற இடத்தில் அப்துல் ஹமீது றசீனா என்று கையால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று வருசம் வருசமாகக் கோடு போட்டு, இந்த வருசம் வரைக்கும் நிலுவை.

அவள் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அகதி முகாம் அட்டையில் 'கச்சி முகம்மதுவும் இருவரும்' என்றுதான் இருந்தது. கனடாவுக்கு வந்த கடதாசியிலும் அவள் அவருடைய மனைவி, அவ்வளவுதான். வீட்டு உறுதிப் பத்திரம் எரிந்துவிட்டது. அடையாள அட்டை வழியில் பறிபோயிற்று. அங்கே அவளுக்கு இடமில்லை என்று ஊரே சொன்ன காலத்தில், யாரோ ஒரு கிளாக்கர் ஒவ்வொரு வருசமும் அந்தப் புத்தகத்தைத் திறந்து, இது றசீனாவின் வீடு, றசீனா இன்னும் வரி கட்டவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்ன றசீனாக்கா, கெட்ட செய்தியோ?" என்றார் முதலாளி.

"இல்ல. சோலைவரி பில்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஊர்ச் சோலைவரி பில் எப்படியிருக்கும்? வருசத்துக்கு இரண்டு தரம் வருகிறது. கடித உறை உடைப்பது, கட்டுவது எல்லாம் அவருடைய பாடு. அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தெருக்குழியை எட்டிப் பார்க்கிறவள் தன் வீட்டு மேசை லாச்சியை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு, அவருடைய மேசை லாச்சியைத் திறந்தாள். மேலேயே கிடந்தது. ஆங்கில எழுத்தில் அவளுடைய பேர். அவருடைய பேர் எங்கேயும் இல்லை. முந்தின வருசத்துப் பில்லை எடுத்தாள். அதற்கு முந்தினதையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் அவள்தான்.

கச்சி முகம்மது ஏழு மணிக்கு வந்தபோது, இரண்டு ஊர்ப் பில்லையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இது என்ன?" என்றாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். கையைக் கழுவினார். வந்து எதிரே இருந்தார். "லோயற்ற கந்தோரில நீதானே கையெழுத்து வைச்சாய்."

"நீங்க காட்டின இடத்தில வைச்சன். பஸ் போயிடும் எண்டு அவசரப்படுத்தினீங்க. என்ட பேரில எண்டு சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவர் ஊர்ப் பில்லைத் தன் பக்கமாக இழுத்தார். "மாமா எனக்குத் தந்தது ரெண்டு. நீயும் வீடும். அண்டைக்கு வீட்டைப் பூட்டி, திறப்பை, கேட்டவங்கட கையில எடுத்துக் குடுத்தது நான். அவங்கட தோளில துவக்கைக் கண்டதும் கை தானா நீண்டுட்டு. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டாய். ஒண்டும் சொல்லேல்ல. இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல." இந்த ஊர்ப் பில்லை அவள் பக்கமாகத் தள்ளினார். "உனக்கு நான் ஒரு வீடு தரவேண்டிக் கிடந்தது. தந்தாச்சு. அதைச் சொல்லிக்கொண்டு திரியிறதோ?"

றசீனாவுக்கு அவர் மேல் வந்த இரக்கமும் அன்பும் கோபமும் ஒன்றாகக் கலந்து எது எதுவென்று தெரியாமல் போயிற்று. ஒரே குளிர்ச்சட்டையோடு ஒன்பது வருசம் திரிந்தது தனக்காகத்தான் என்பது அந்த மேசையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஊர் வீட்டை விக்கேல்ல," என்றாள்.

"என்ன கதை இது? கூரையும் இல்ல, கதவும் இல்ல."

"புத்தகத்தில பேர் இருக்கு. பத்தொன்பது வருசம் வெட்டாம வைச்சிருந்தவங்க. நானே போய் வெட்டச் சொல்லுறதோ? இருக்கிற காசில நிலுவையைக் கட்டச் சொல்லுறன். தண்டத்தோட."

"அப்ப இந்த வீடு? மகள்?"

"இதுக்கு நான் கையெழுத்து வைக்கிறன்."

"றசீனா, அது வட்டி."

"அங்கத்தைய தண்டமும் வீதம் போட்டுத்தானே வந்திருக்கு?"

"அது எங்களைக் கேக்காம ஏத்தினது. இது நாங்க விரும்பிப் போடுறது."

"ஓம். விரும்பித்தான். என்ட பிள்ளை என்ட வீட்டில வந்து பெறோணும் எண்டு விரும்பித்தான்."

"ஒரு சதம் படாத வீடு," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. கெஞ்சல் என்றே சொல்லலாம்.

றசீனா மேசைக்கு மேலால் கையை நீட்டி, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போயிருந்த அவருடைய விரல்களைப் பிடித்தாள். "தெரியும். நீங்க சுத்தமாத்தான் தந்தீங்க. உங்கட கடன் அதோட தீர்ந்துது. இனிப் படுறது என்ட கையால. மறுமையில என்னட்டக் கேக்கட்டும்."

அவர் கையை இழுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. தொழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் வேலைக்கு வெளிக்கிடும்போது, சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டே, "முந்திக் கட்டி முடிக்கலாமோ எண்டு அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பார்," என்றார்.

முந்திக் கட்டலாம், எப்போது கட்டினாலும் அதற்கு மேல் வீதம் ஏறாது என்றாள் வேரோனிக்கா. கடைசி நாளான சனிக்கிழமை, இராஜரட்ணத்தின் பக்கத்துச் சுவரெல்லாம் பச்சை நாடா ஒட்டி முடித்துவிட்டு, படிவத்தோடு வந்தாள். உரிமையாளர் ஒருவருடைய கையெழுத்துக் காணும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். கச்சி முகம்மது ஜன்னல் பக்கமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

றசீனா வேரோனிக்காவின் மைப் பேனையை வாங்கி, பேரை முழுதாக எழுதினாள். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை. அது அவளுக்கு நொந்தது. நொந்தபடியே கடைசி எழுத்தையும் எழுதி முடித்து, பேனையை வைத்துவிட்டு, ரெலிபோனை எடுத்து அஜக்ஸுக்கு அடித்தாள். ரிஸ்மியாதான் எடுத்தாள்.

"ராத்தா, நவம்பர் கடைசியில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து விடுங்கோ," என்றாள் றசீனா. "ஓம், நாப்பதுக்கும். ஓமோம், குளிருக்கு எல்லாம் செய்யிறம். நீங்களும் ரெண்டு நாள் வந்து நில்லுங்கோ." இத்தனை வருசமும் 'எங்கட வீடு' என்றோ 'அவற்ற வீடு' என்றோ சொல்லிப் பழகிய வாய். "என்ட வீட்டில," என்றாள்.

கச்சி முகம்மது ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தார். வேரோனிக்கா படிவத்தை மடிக்கப் போன கையை மெல்ல மறித்து, றசீனாவின் பேருக்குக் கீழே விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"பொறு மகள்," என்றார். "இன்னும் காயேல்ல."